தூக்க மாத்திரைக்குக் கடும் சட்டம் போட்டால் தீர்ந்துவிடுமா? (விவாத இழை)

ஒரு வாசகர், மார்ச் 2

தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை இரண்டையும் மிட்டாய் மாதிரி விழுங்குகிறார்கள். அரசு நினைத்தால் ஒரே வருடத்தில் நிறுத்தலாம். ஒரு சீட்டுக்கு இத்தனை மாத்திரை, ஒரு டாக்டருக்கு வருடத்துக்கு இத்தனை சீட்டு என்று வரம்பு வைத்து, மீறினால் உரிமத்தைப் பிடுங்க வேண்டியதுதான். ஏன் எந்த நாடும் செய்யவில்லை?

மார்ச் 2, இரவு

செய்திருக்கிறார்கள். நாளை எழுதுகிறேன். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்தொன்பது வருடம் மருந்துக் கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன் நான். முதல் ஐந்து வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கவுன்ட்டரில் பார்க்காதது இல்லை. 10 என்று எழுதியதில் இன்னொரு சைபரைச் சேர்த்து 100 ஆக்கிய சீட்டு (டாக்டர் எழுதியது நீல மசி, சைபர் கறுப்பு மசி). ஒரே சீட்டை நகல் எடுத்து நாலு கடையில் காட்டியவர்கள். பாட்டிக்கு என்று சொல்லி வாங்கிப்போய் வாசலிலேயே பிரித்துப் போட்டுக்கொண்ட பேரன். ஒருவர் தன் நாயின் வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் சீட்டு கொண்டுவருவார். நாய்களுக்கு நிஜமாகவே அதைக் கொடுப்பதுண்டு, அதனால் நானும் சந்தேகப்படவில்லை. மூன்றாம் மாதம் "நாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "எந்த நாய்?" என்றார்.

மார்ச் 3

சரி, நியூயார்க் கதை. 1989 ஜனவரி 1 முதல் அந்த மாநிலத்தில் பென்சோடயசிபைன் (சுருக்கமாக பென்சோ) எழுதிக் கொடுக்க வேண்டுமானால் அரசு வழங்கிய, எண் போட்ட மூன்று பிரதிச் சீட்டு வேண்டியிருந்தது. டயசிபாம், ஆல்பிரசோலம், லோரசிபாம், குளோனசிபாம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஒரு பிரதி டாக்டரிடம், ஒன்று கடையில், ஒன்று அரசுக்குப் போகும். யார் எழுதினார், யார் வாங்கினார் என்று அரசுக்கு நேராகத் தெரியும். நம் வாசகர் கேட்டதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற ஏற்பாடு.

எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அறிக்கையில் போட்டால் அமோக வெற்றி.

ஆனால் அதே சமயத்தில் மெப்ரோபமேட் ஏறியது, குளோரல் ஹைட்ரேட் ஏறியது. குளோரல் ஹைட்ரேட் 1869இலிருந்து புழங்கும் சரக்கு. பென்சோ வந்ததும் "இனி இந்த ஆபத்தான பழசெல்லாம் வேண்டாம்" என்று பரணில் தூக்கிப் போட்டவற்றை டாக்டர்களே இறக்கித் தூசி தட்டினார்கள். புதுசுக்குத்தான் மூன்று பிரதி, பழசுக்குச் சாதாரணக் காகிதம் போதும் என்றால் கை எங்கே போகும்?

இன்னொன்றும் நடந்தது. வலிப்புக்காக முறையாக வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் மருந்து நின்றது. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில் அந்த வெட்டு கூடுதல் ஆழமாக விழுந்ததைப் பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஏமாற்றுகிறவனுக்கு நாலு வழி தெரியும். கையில் உண்மையான சீட்டோடு நிற்கிறவருக்கு அந்த ஒரு வழிதான்.

மார்ச் 3, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. (சிரிக்காதீர்கள்.)

இந்தத் துறையின் வரலாறே பரணில் போடுவதும் இறக்குவதும்தான். 1903இல் வெரோனல் என்ற பெயரில் பார்பிட்டால் வந்தது. பிறகு ஐம்பது வருடம் அதன் குடும்பமான பார்பிச்சுரேட்களின் ராஜ்ஜியம். கொஞ்சம் அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். 1955இல் மெப்ரோபமேட், 1960இல் முதல் பென்சோவான லிப்ரியம், 1963இல் வாலியம் (டயசிபாம்தான்). ஒவ்வொன்றும் வரும்போது "முந்தியது ஆபத்து, இது பாதுகாப்பு" என்றே வந்தது. அதில் பொய்யும் இல்லை. வாலியத்தைத் தனியாக அதிகம் போட்டுக்கொண்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், பார்பிச்சுரேட்டில் அது முடியாது. ஆனால் "பாதுகாப்பு" என்ற சொல்லை டாக்டரும் நோயாளியும் "எத்தனை வருடம் வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று புரிந்துகொண்டார்கள். 1970களில் அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதப்பட்ட மருந்து வாலியம்.

மெத்தகுவலோன் கதை இன்னும் வேடிக்கை. 1951இல் இந்தியாவில் மலேரியாவுக்கு மருந்து தேடும்போது கிடைத்தது. மலேரியா போகவில்லை, தூக்கம் வந்தது. பார்பிச்சுரேட்டுக்கு மாற்று என்று உலகம் முழுக்கப் போனது, மாண்ட்ராக்ஸ், குவாலூட் என்று. அமெரிக்கா 1973இல் கட்டுப்பாட்டை இறுக்கியது, 1984இல் மருத்துவத்திலிருந்தே தூக்கிவிட்டது. இது பூட்டு வேலை செய்த இடம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பூட்டுப் போட்டபோது பதிலுக்குக் கொடுக்க வேறு மாத்திரைகள் இருந்தன.

இவ்வகை மருந்துகளுக்கான ஐ.நா.வின் சர்வதேச ஒப்பந்தம் 1971இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதன் பட்டியலில் முப்பத்து மூன்று பென்சோக்களை மொத்தமாகச் சேர்த்தது 1984இல். லிப்ரியம் கடைக்கு வந்து இருபத்து நாலு வருடம் கழித்து. அதுவும் நான்காம் அட்டவணையில், இருப்பதிலேயே இளகிய பூட்டு.

மார்ச் 4

திருத்தம். ஒப்பந்தம் வியன்னாவில் முடிவானது 1971 பிப்ரவரி. நடைமுறைக்கு வந்தது 1976 ஆகஸ்ட். பின்னிரவில் எழுதினால் இப்படித்தான்.

மார்ச் 6

"நியூயார்க் பழைய கதை, இப்போது எல்லாம் கணினி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. அமெரிக்க மாநிலங்களில் இப்போது மின்னணுக் கண்காணிப்புத் தளங்கள் இருக்கின்றன. சீட்டு எழுதுமுன் இவர் வேறு யாரிடம் என்ன வாங்கினார் என்று டாக்டர் பார்க்கலாம். பல மாநிலங்களில் பார்த்தே ஆக வேண்டும். நாலு கடை ஏறுகிறவரைப் பிடிக்க இதைவிட நல்ல வலை இல்லை. நாய்க்காரரும் சிக்கியிருப்பார். (இல்லை, நாயின் பெயரில் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பாரோ?)

2014ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ஆஸ்திரேலியா ஆல்பிரசோலமை மட்டும் பிரித்தெடுத்து, மார்ஃபீன் இருக்கும் எட்டாம் அட்டவணைக்கு ஏற்றியது. மார்ச்சில் இந்தியாவின் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது: ஆல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவற்றை விற்றால் தனிப் பதிவேட்டில் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஜூனில் பிரிட்டன் சோபிக்குளோன் என்ற தூக்க மாத்திரையைக் கட்டுப்பாட்டு வகுப்பில் சேர்த்தது. ஒரே வருடத்தில் மூன்று நாடு, மூன்று விதப் பூட்டு.

இந்த மூன்றிலும் எண்ணப்படுவது கைமாறும் மாத்திரை. பதிவேட்டில் யார், எவ்வளவு, எந்த டாக்டர் என்பதற்கெல்லாம் பத்தி உண்டு. "எத்தனை வருடமாக" என்பதற்குப் பத்தி இல்லை. இதை நான் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறேன், ஆனால் பத்து வருடம் அந்தப் பத்திகளை என் கையாலேயே நிரப்பியபோது ஒரு நாளும் தோன்றவில்லை.

மார்ச் 9

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடை மூடும் நேரம். அறுபது வயதுக்காரர், வழக்கமாக வருகிறவர். ஆல்பிரசோலம், தினம் 2 மில்லிகிராம், வருடக்கணக்கில். சீட்டின் காலம் முடிந்திருந்தது. டாக்டர் விடுமுறையில். "தம்பி, திங்கட்கிழமை வரைக்கும் நாலு மாத்திரை கொடு, போதும்" என்றார். நான் கொடுக்கவில்லை. அந்த வாரம்தான் அரசு மருந்து ஆய்வாளர் வந்து பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போயிருந்தார். விதியும் என் பக்கம். அவர் ஒன்றும் சண்டை போடவில்லை, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு இரவு அவருக்கு வலிப்பு வந்தது. வாழ்நாளில் முதல் முறை. செவ்வாய்க்கிழமை அவருடைய மகன் மருத்துவமனைச் சீட்டோடு வந்தான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பா திடீரென்று நிறுத்தியதால் வந்ததாம், அப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

தெரியும். படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஹெராயினைச் சட்டென்று நிறுத்தினால் உயிர் போகிற மாதிரி இருக்கும், பெரும்பாலும் போகாது. பென்சோவும் சாராயமும் அப்படி இல்லை. இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு, சித்தப்பிரமை, சில சமயம் சாவு. ஆல்பிரசோலம் போல உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறும் மாத்திரையில் இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை எந்த ஆய்வாளர் பார்த்தாலும் சரியாகவே இருக்கும்.

மார்ச் 9, சற்றுப் பிறகு

"கொடுத்திருந்தால் உங்கள் உரிமம் போயிருக்கும், உங்கள் மேல் தப்பில்லை" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் ஆறுதல் கேட்டு எழுதவில்லை. சட்டத்தில் அந்த நாலு மாத்திரைக்கு இடம் வைக்க முடியும். பிரிட்டனில் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதான், உடனே தேவை, சீட்டு வாங்க வழியில்லை என்று தெரிந்தால், டயசிபாம் போன்றவற்றை மருந்தாளுநர் தன் பொறுப்பில் ஐந்து நாளுக்கு வரை கொடுக்கலாம். காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஐந்து நாள் மாத்திரையில் யாரும் வியாபாரம் நடத்த முடியாது. எனக்கு இரண்டரை நாள் போதுமாக இருந்தது.

மார்ச் 10

யாரோ தாலிடோமைடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அதுவும் தூக்க மருந்தாகத்தான் வந்தது. 1957இல் ஜெர்மனியில் சீட்டே தேவையில்லாமல் விற்றார்கள், பார்பிச்சுரேட் போல ஆளைக் கொல்லாது என்பதால். குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்த பிறகு 1961 நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். நாம் பேசும் விஷயம் வேறு, அதனால் இதோடு விடுகிறேன்.

மார்ச் 14

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்து, "அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?" என்கிறார். நான் அப்படி எங்கே சொன்னேன்? மேலே படித்துப் பார்க்கவும்.

பார்த்தேன். சொல்லவில்லைதான், ஆனால் அப்படித் தொனிக்கிறது. என் தப்பு.

பூட்டு வேண்டும், முக்கியமாக இரண்டு இடத்தில். ஒன்று, ஓப்பியாய்டு (மார்ஃபீன் வகை) வலிநிவாரணியும் பென்சோவும் சேரும் இடம். இரண்டும் மூச்சை மந்தமாக்கும். தனித்தனியாகத் தாங்கும் உடம்பு சேர்த்துப் போட்டால் தாங்காது. அமெரிக்க மருந்து ஆணையம் 2016இல் இந்தக் கூட்டுக்கு அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புக் கட்ட எச்சரிக்கையைப் போட்டது. பென்சோவிலேயே பழக்கம் ஏற்படும், நிறுத்தினால் ஆபத்து என்ற எச்சரிக்கையைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தது 2020இல். லிப்ரியத்திலிருந்து எண்ணினால் அறுபது வருடம்! இன்னொரு விவரம்: ஓப்பியாய்டு மயக்கத்தை முறிக்கும் நலாக்சோன் பென்சோவின் மேல் வேலை செய்யாது. ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும், கூடவே ஓப்பியாய்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது இடம் முதல் சீட்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தெருவில் விற்கும் போலி மாத்திரைக்கு மருந்துச் சீட்டுச் சட்டம் எட்டவே எட்டாது. ஸ்காட்லாந்தில் ஆட்களைக் கொன்ற "தெரு வாலியம்" பெரும்பாலும் வாலியமே இல்லை. பென்சோ மாதிரியே வேலை செய்யும், அச்சில் வார்த்த எட்டிசோலம், பிறகு புரோமசோலம். எட்டிசோலத்தை 2020இலும் புரோமசோலத்தை 2024இலும் சர்வதேசப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. டாக்டர் சட்டென்று சீட்டை நிறுத்தியதால் அந்தத் தெருவுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

மார்ச் 15

நேற்று எழுதியதில் விட்டது. ஃபுளூனிட்ரசிபாம் ஒன்றில் தயாரித்த நிறுவனமே மாத்திரையை மாற்றியது. பிறர் பானத்தில் ரகசியமாகக் கலக்கிறார்கள் என்று பேரெடுத்த மாத்திரை. 1990களின் பின்பாதியில் மெதுவாகக் கரைகிற மாதிரியும், கரைந்தால் நீலம் பிரிகிற மாதிரியும் செய்தார்கள். எனக்குப் பிடித்த கட்டுப்பாடு இது. படிவம் இல்லை, பதிவேடு இல்லை, கிளாஸே காட்டிக்கொடுக்கும்.

(அதற்குள் ஒருவர்: "நீல நிறப் பானத்தில் கலந்தால்?" உங்களை மாதிரி ஆட்களால்தான் சட்டம் நீளமாகிறது.)

மார்ச் 21

அம்மாவைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. முதல் சீட்டு என்று சொன்னது அதற்காகத்தான்.

அப்பா போன மறுவாரம் அம்மாவுக்கு ஆல்பிரசோலம் 0.5 எழுதினார்கள், இரவில் ஒன்று. நல்ல டாக்டர், நல்ல எண்ணம். அந்த மாத்திரை இல்லாமல் அந்த வாரத்தை அவள் கடந்திருக்க மாட்டாள். பிறகு பதினொரு வருடம் சாப்பிட்டாள். ஏமாற்றவில்லை, திருடவில்லை, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மாதமும் சீட்டோடு முப்பது மாத்திரை, எடுத்துக் கொடுத்தவன் நான். எந்தக் கண்காணிப்புத் தளத்தில் போட்டுப் பார்த்தாலும் உத்தமமான நோயாளி.

குளியலறையில் விழுந்தாள். இடுப்பு உடையவில்லை, மணிக்கட்டோடு போயிற்று. முதியவர்கள் இந்த மாத்திரைகளால் தள்ளாடி விழுவது புதுச் செய்தி இல்லை. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று 1991இலிருந்து வெளிவரும் பியர்ஸ் பட்டியலில் பென்சோக்கள் உண்டு. ஆனால் "தவறான பயன்பாடு" என்று எல்லாரும் பேசும்போது கண்முன் வருவது அந்தப் பேரன், அந்த நாய்க்காரர். அம்மா வருவதில்லை.

பிரிட்டனில் 1988இலேயே மருந்துப் பாதுகாப்புக் குழு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிரான்சில் சட்டமே உண்டு: பதற்றத்துக்குப் பன்னிரண்டு வாரம், தூக்கத்துக்கு நான்கு வாரம். ஆனாலும் ஐரோப்பாவில் இவற்றை அதிகம் சாப்பிடும் நாடுகளில் பிரான்ஸ் ஒன்று. வரம்பு சீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. சீட்டு முடிந்ததும் அடுத்த சீட்டு.

மார்ச் 22

"சரி, என்னதான் வேலை செய்கிறது?" நியாயமான கேள்வி.

எனக்குத் தெரிந்து மனசில் நின்றது கனடாவின் கியூபெக்கில் நடந்த ஓர் ஆய்வு, 2014இல் வெளியானது. நீண்ட காலம் பென்சோ சாப்பிடும் முதியவர்கள் 303 பேர். பாதிப் பேருக்கு மருந்துக் கடை வழியாக ஒரு சிறு கையேடு. இந்த மாத்திரை உங்கள் வயதில் என்ன செய்யும், படிப்படியாகக் குறைப்பது எப்படி, டாக்டரிடமும் மருந்தாளுநரிடமும் பேசுங்கள் என்று. ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் முழுக்க நிறுத்தியிருந்தார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம். ஒரு சட்டமும் போடவில்லை, யாருடைய உரிமத்தையும் பிடுங்கவில்லை.

பாக்கி 73 சதவீதம் என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆள் தேவை. 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சில சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம், இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டாதே என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதக் கணக்கில் ஆகும். அத்தனை மாதமும் ஒரு டாக்டர் கூடவே வர வேண்டும். அந்த நேரத்துக்கு யார் சம்பளம் தருவது என்பதை மாத்திரையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் எழுதுவதில்லை.

அமெரிக்காவில் முதியோர் மருந்துக் காப்பீடு 2006இலிருந்து 2012 வரை பென்சோவுக்குப் பணமே தராமல் இருந்து பார்த்தது. 2013இல் திரும்பத் தர ஆரம்பித்தார்கள்.

மார்ச் 23

அம்மாவுக்கு எப்படிக் குறைத்தோம் என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் வழிகாட்டாமல் நீங்களாகச் செய்யாதீர்கள், மேலே அந்த வெள்ளிக்கிழமையை மறுபடி படியுங்கள். எங்கள் டாக்டர் ஆல்பிரசோலத்தை டயசிபாமுக்கு மாற்றினார். அது உடம்பில் நாள்கணக்கில் தங்கும், அதனால் அளவு சட்டென்று விழாமல் மெதுவாக இறங்கும். பதினாலு மாதம் ஆனது.

கடைசிப் படிகள்தான் கஷ்டம். சின்ன மாத்திரையை நாலாக வெட்டச் சொன்னால் மூன்று துண்டும் கொஞ்சம் மாவும் கிடைக்கும். திரவ வடிவம் இருந்தால் சொட்டுக் கணக்கில் குறைக்கலாம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு கூத்து: குறைக்கிறவருக்குத்தான் சீட்டு அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒரு புது அளவு, ஒரு புதுச் சீட்டு, பதிவேட்டில் ஒரு புது வரி. பதினொரு வருடம் மாதம் ஒரு வரியாகக் கண்ணில் படாமல் இருந்தவள், நிறுத்தப் போகும்போது பதிவேடு முழுக்க நிறைந்தாள். ஆய்வாளர் விரல் வைத்துக் கேட்டார், "இந்த அம்மா ஏன் இத்தனை தடவை வாங்குகிறார்?"

மார்ச் 29

இன்னொரு பக்கம் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஃபீனோபார்பிட்டால் 1912இலிருந்து இருக்கும் மலிவான வலிப்பு மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் உள்ளது. 1971 ஒப்பந்தத்தின் நான்காம் அட்டவணையிலும் உள்ளது. இறக்குமதி, இருப்பு, அனுமதி என்று காகித வேலை கூடக் கூட, ஏழை நாடுகளில் அதை வைத்திருப்பதே தொல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே வலிப்புள்ள குழந்தைக்கு மாத்திரை கிடைக்காததும் இந்தக் கட்டுப்பாட்டின் கணக்கில்தான் வர வேண்டும்.

ஏப்ரல் 4

கேள்வி கேட்டவர் கடைசியாக, "உங்கள் கையில் கொடுத்தால் வரம்பை எங்கே வைப்பீர்கள்?" என்கிறார்.

முதல் சீட்டில். எழுதும்போதே எப்போது நிறுத்தப்போகிறோம் என்ற தேதியும் அதில் இருக்க வேண்டும், நோயாளியிடமும் அதைச் சொல்ல வேண்டும். பழைய ஆட்களுக்கு வரம்பு வைக்க மாட்டேன். குறைக்க ஆள் கொடுத்துவிட்டு அப்புறம் பேசலாம். பதிவேட்டில் "எத்தனை மாதமாக" என்று ஒரு பத்தி. சீட்டு முடிந்து தவிக்கிறவருக்கு ஐந்து நாள்.

டாக்டருக்கு வருடத்துக்கு இத்தனை சீட்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிசம்பரில் புருஷனை இழந்தவளிடம் "ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, ஜனவரியில் வாருங்கள்" என்பாரா?

ஏப்ரல் 5

திருத்தம். இதைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள். பதினொரு வருடம் இல்லையாம், பன்னிரண்டு. அம்மாவின் பழைய பையில் முதல் சீட்டு இன்னும் இருக்கிறது, தேதி பார்த்தாளாம். அதில் "10 நாள், தேவைப்பட்டால் மட்டும்" என்று எழுதியிருக்கிறது. கீழே என் கடை முத்திரை.